தாழ்மையும் தாழ்த்தப்படுதலும்: தமிழ்க் கிறித்தவ வேண்டுதல் மொழி, கிருஷ்ணகிரிப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ வேண்டுதலின் முதன்மைப் பண்பாகத் தாழ்மை கருதப்படுகிறது. தமிழில் இச்சொல் அகப்பண்பையும் சமூக இழிநிலையையும் ஒருங்கே குறிப்பது. இவ்விரு பொருளும் கலந்தமையால் தமிழ்த் திருச்சபை வரலாற்றில் எழுந்த சிக்கல்களை, லூக்கா நற்செய்தியின் ஆயக்காரன் உவமை, விளிச்சொல் மரபு, கோயில் இருக்கை வழக்குகள், 1895இல் கிருஷ்ணகிரியில் தொடங்கிய லுத்தரன் மிஷன் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தாழ்மை, வேண்டுதல், ஆயக்காரன், விளி, சாதி, லுத்தரன் மிஷன், கிருஷ்ணகிரி

முன்னுரை

கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் இடையே, தேசிய நெடுஞ்சாலை 44ஐ ஒட்டி அமைந்தது குருபரப்பள்ளி. இன்று தொழிற்பேட்டையால் அறியப்படும் இவ்வூரின் பெயரைத் தமிழ்ச் செவியால் கேட்பவர் 'குருபரன்' என்னும் சொல்லை நினைப்பர். கன்னடச் செவிக்கோ அது குருபர் என்னும் ஆட்டிடையரின் ஊராகும். எல்லைப்புற ஊர்ப்பெயர்களின் இயல்பை நோக்க, இரண்டாவது பொருளே ஏற்புடையது எனத் தோன்றுகிறது. ஒரே ஒலிக்கூட்டம் ஒரு மொழியில் மேலான ஆசானையும் மற்றொரு மொழியில் ஆடு மேய்ப்போரையும் குறிப்பது, சொற்களைக் கொண்டு உயர்வு தாழ்வை அளப்பதில் நாம் கொள்ள வேண்டிய எச்சரிக்கைக்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் வழங்கும் இப்பகுதியில் கிறித்தவ வேண்டுதலும் மும்மொழியில் ஒலிக்கிறது. மூன்றிலும் வேண்டுவோர் தம்மைத் தாழ்த்தியே பேசுகின்றனர். ஆயினும் தாழ்த்திப் பேசும் முறை மொழிக்கு மொழி வேறுபடுகிறது. எனவே வேண்டுதலில் தாழ்மை என்பது எங்கே இருக்கிறது என்ற வினா எழுகிறது. சொல்லிலா, உடலின் நிலையிலா, அல்லது வேண்டுபவர் தம் அருகில் நிற்பவரை நோக்கும் நோக்கிலா?

ஆயக்காரன் யார்?

வேண்டுதலில் தாழ்மை குறித்த கிறித்தவச் சிந்தனை பெரிதும் லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் உள்ள உவமையைச் சார்ந்தது. பரிசேயன் ஒருவனும் ஆயக்காரன் ஒருவனும் எருசலேம் ஆலயத்திற்கு வேண்டச் செல்கின்றனர். முன்னவன் தன் நோன்பையும் தான் செலுத்தும் பத்திலொரு பங்கையும் எடுத்துரைக்கிறான். பின்னவன் தொலைவில் நின்று, விண்ணை ஏறெடுத்தும் பாராமல், மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் கேட்கிறான். இறைவனுக்கு ஏற்புடையவனாக வீடு திரும்பியவன் பின்னவனே என்று உவமை முடிகிறது.

கிரேக்க மூலத்தில் உள்ள சொல், சுங்கமும் தீர்வையும் தண்டுபவனைக் குறிப்பது. அதற்கு இணையாகப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர் தெரிந்தெடுத்த 'ஆயக்காரன்' மிகப் பொருத்தமான சொல். ஆயம் என்பது வருவாயையும் சுங்கத்தையும் குறிக்கும் பழஞ்சொல். கீழ்நாட்டிலிருந்து மைசூர்ப் பீடபூமிக்கு ஏறும் கணவாய் வழிகளைக் கொண்ட பாராமகால் பகுதியினர்க்குச் சுங்கம் தண்டுவோரின் முகம் புதியதன்று. 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இப்பகுதி கம்பெனியாரிடம் சென்றபின், அலெக்சாண்டர் ரீடும் அவர்க்குத் துணைநின்ற தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை விதித்த வரலாறும் இம்மண்ணுக்குரியதே. தீர்வை கொடுப்பவன் தண்டுபவனை இழிந்தவனாக எண்ணுவதில்லை, அஞ்சுகிறான், வெறுக்கிறான்.

இந்த வேறுபாடு உவமையின் உயிர்நிலை. ஆயக்காரன் ஏழையல்லன், ஒடுக்கப்பட்டவனும் அல்லன். உரோம ஆட்சியின் நிழலில், தன் இனத்தாரிடமிருந்தே வரம்பு மீறிப் பொருள் பறிக்கும் வாய்ப்புடையவன். விதித்ததற்கு மேல் தண்டாதீர்கள் என்று திருமுழுக்கு யோவான் இவர்களை அறிவுறுத்தியதை அதே நற்செய்தி மூன்றாம் அதிகாரத்தில் குறிக்கிறது. உவமையை அடுத்து, 19ஆம் அதிகாரத்தில் வரும் சகேயு ஆயக்காரருக்குத் தலைவன், செல்வன். அவன் மனம் மாறியதும் ஏழைகளுக்குக் கொடுப்பதைப் பற்றியும் திருப்பிக் கொடுப்பதைப் பற்றியுமே பேசுகிறான். ஆக, லூக்கா காட்டும் தாழ்மை பிறரால் கீழே தள்ளப்பட்டவனின் நிலையன்று. பிறர் கணக்கை எழுதிப் பழகியவன், தன் கணக்கில் காட்ட ஒன்றுமில்லை என்று உணர்ந்து நிற்கும் நிலை அது.

மார்பில் அடித்துக்கொள்ளுதல் தமிழர்க்கு இழவு வீட்டில் பழகிய செயல். 'கூலிக்கு மாரடித்தல்' என்ற வழக்கும் நம்மிடம் உண்டு. அச்செயலைக் கூலிக்கும் செய்யலாம் என்பதைத் தமிழ் வழக்கே அறிந்து வைத்திருக்கிறது. ஆகவே உவமையின் தாழ்மையை உடலசைவோடு மட்டும் பொருத்திப் பார்ப்பது போதாது.

தாழ்ச்சி, தாழ்மை, மனத்தாழ்மை

அகப்பண்பாகிய இத்தாழ்மைக்குத் தமிழ்க் கத்தோலிக்க மரபு நெடுங்காலம் வழங்கிய சொல் தாழ்ச்சி. தலையான பாவங்கள் ஏழுக்கும் மாற்றாகிய ஏழு புண்ணியங்களுள் அது முதலில் வைக்கப்பட்டு ஞானோபதேசத்தில் மனனம் செய்விக்கப்பட்டது. இங்குத் தாழ்ச்சி பயின்று அடையும் ஒழுக்கம். புரட்டஸ்தாந்த மொழிபெயர்ப்புகளில் நிலைபெற்ற தாழ்மை என்னும் சொல்லோ பண்பையும் நிலையையும் ஒருசேரக் குறிப்பது. பவுலின் நிருபங்களில் அகப்பண்பைக் குறிக்க வேண்டிய இடங்களில் 'மனத்தாழ்மை' என்ற தொடர் ஆளப்பட்டிருப்பது கருதத்தக்கது. 'மனம்' என்ற முன்னடை இல்லாவிடில் தாழ்மை சமூக நிலையாகப் பொருள்பட்டுவிடும் என்பதை மொழிபெயர்த்தோர் உணர்ந்திருக்க வேண்டும்.

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மரியாளின் பாடலில் வரும் இலத்தீன் சொல்லை இடைக்கால உரையாசிரியர் பலர் தாழ்ச்சி என்னும் புண்ணியமாகக் கொண்டனர். மார்ட்டின் லுத்தர் 1521இல் அப்பாடலுக்கு எழுதிய உரையில் இதை மறுத்தார். அங்குக் குறிக்கப்படுவது பெருமைக்குரிய பண்பன்று, ஏதுமற்ற எளிய நிலையே என்றும், உண்மைத் தாழ்மை தன்னைத் தாழ்மை என அறியாது என்றும் அவர் வாதிட்டார். தாழ்மையை மரியாளின் தகுதியாக்கினால் அவ்விடத்திலேயே அது செருக்காகிவிடும் என்பது அவர் கருத்து. 1995இல் வெளிவந்த தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் 'தாழ்நிலை' என்றே பெயர்த்துள்ளது.

தமிழில் சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. தாழ், தாழ்த்து, தாழ்த்தப்படு ஆகிய மூன்றும் ஒரு வேரின. உவமையின் இறுதி வாக்கியம் தன்னைத் தானே தாழ்த்துபவனைப் பற்றியது. எழுவாயும் செயப்படுபொருளும் அங்கு ஒருவரே. 20ஆம் நூற்றாண்டுப் பொதுவழக்கில் பரவிய 'தாழ்த்தப்பட்டோர்' என்ற சொல்லிலோ செயலைச் செய்தவர் மறைந்து நிற்கிறார். வேண்டுதலில் தன்னைத் தாழ்த்திக்கொள் என்ற அறிவுரை, ஏற்கெனவே பிறரால் தாழ்த்தப்பட்டவரின் செவியில் எவ்வாறு விழும்? பழைய மொழிபெயர்ப்பில் 'தாழ்த்தப்படுவான்' என்ற செயப்பாட்டு வினை, தன்னை உயர்த்திக்கொள்பவனுக்கு வரவிருக்கும் முடிவாகவே ஆளப்பட்டுள்ளது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

திருக்குறள் இவ்வகையில் துணைபுரிகிறது. அடக்கமுடைமை அதிகாரம் பணிவை அனைவர்க்கும் நன்மையாகக் கூறினும், செல்வர்க்கே அது மற்றொரு செல்வமாகும் என்கிறது. மானம் என்னும் அதிகாரமோ இன்னும் தெளிவாக, வளம் மிகுந்த காலத்துப் பணிவும், வளம் சுருங்கிய காலத்து உயர்வும் வேண்டும் என வகுக்கிறது. பணிவு யாரிடம் கேட்கப்பட வேண்டும் என்பதில் வள்ளுவரும் லூக்காவும் வேறுபடவில்லை.

'நீர்' என்னும் விளி

1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். அண்டிரிக்கு அடிகளார் எனத் தமிழில் அறியப்படும் என்றிக் என்றிக்கசு பெயர்த்த அந்நூலின் தலைப்பே வணங்குவோர்க்கும் வணங்கப்படுவோர்க்கும் இடையிலான உறவைச் சொல்கிறது. சைவ வழக்கில் ஊறிய 'தம்பிரான்' பின்னர்ச் சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் என மாறி வந்தது. வேண்டுதலைக் குறிக்கும் சொற்களிலும் அதிகாரத்தின் சுவடு உண்டு. விண்ணப்பம் அரசர்க்கும் அதிகாரிக்கும் செய்துகொள்வது. மன்றாட்டு மன்றத்தில் முறையிடுவது. இவற்றோடு அடியேன், அடிமை, பாதம் ஆகிய பத்தி இலக்கியச் சொற்களும் சேர்ந்து தமிழ்க் கிறித்தவ வேண்டுதல் மொழி உருவாயிற்று.

ஆனால் ஓரிடத்தில் கிறித்தவ மரபு பத்தி மரபிலிருந்து விலகியது. ஆழ்வாரும் நாயன்மாரும் இறைவனை 'நீ' என விளிக்கத் தயங்கியதில்லை. கிறித்தவ வேண்டுதலில் 'நீர்', 'உம்முடைய', 'அருளும்' என்னும் இடைநிலை மதிப்பு வடிவம் நிலைபெற்றது. இன்று தென்மாவட்ட வழக்கில் எஞ்சியிருப்பது தவிர, பேச்சுத்தமிழில் பெரும்பாலும் மறைந்துவிட்ட இவ்வடிவம், கிறித்தவ வேண்டுதலுக்குத் தனி ஒலியைத் தந்துள்ளது. அதே காலத்தில் தெலுங்கு, கன்னடப் பழைய புரட்டஸ்தாந்த மொழிபெயர்ப்புகள் இறைவனை 'நீ' என்றே விளித்தன. அம்மொழிகளின் கத்தோலிக்க வழக்கு மதிப்புப் பன்மையை மேற்கொண்டது. எல்லைப்புறத்தில் வாழும் தெலுங்குக் கிறித்தவர் ஒருவர் பரமண்டல வேண்டுதலில் 'நீ நாமமு' என்பதைத் தமிழர் 'உம்முடைய நாமம்' என்பார். முன்னவர்க்குப் பணிவு குறைவு என்று எவரும் சொல்ல முடியாது.

இதனினும் வலிய சான்று உவமையிலேயே உள்ளது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் பரிசேயனும் ஆயக்காரனும் இறைவனை ஒரே மதிப்பு வடிவத்தால்தான் விளிக்கின்றனர். பரிசேயனின் மொழியில் மரியாதைக் குறை எதுவுமில்லை. அவன் நன்றியும் கூறுகிறான். குறை, அவ்வேண்டுதலுக்குள் ஆயக்காரனைச் சுட்டிக்காட்டி ஒப்பிட்டுக்கொண்டதில் உள்ளது. தம்மை நீதிமான்களாக நம்பிப் பிறரை அற்பமாக எண்ணியோரை நோக்கியே இவ்வுவமை கூறப்பட்டது என லூக்கா முகவுரையிலேயே குறிக்கிறார். இரண்டாம் பகுதியை நம் மறையுரைகள் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகின்றன.

இருக்கையும் இடமும்

உவமையில் நிற்கும் இடம் பொருளுடையது. ஆயக்காரன் தொலைவில் நின்றான். அது அவனே தெரிந்தெடுத்த இடம். தமிழகக் கோயில்களில் தொலைவு பெரும்பாலும் பிறரால் வகுக்கப்பட்டதாக இருந்தது. தரங்கம்பாடி முதலாகப் பல சபைகளில் வழிபடுவோர் சாதி வாரியாகத் தனித்தனி இடங்களில் அமர்ந்தனர்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தமிழ் புரட்டஸ்தாந்தப் பாமாலை மரபின் தலையாய புலவர். இறைவன் முன் தம்மைக் கடையனாக்கிப் பாடுவதில் அவர்க்கு நிகரானவர் குறைவு. அவரே 1820களில், இருக்கையிலும் நற்கருணையிலும் சாதி வேறுபாட்டை நீக்க முனைந்த புதிய மிஷனரிகளைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். இதனை வெறும் போலித்தனம் எனத் தள்ளுவது எளிது; ஆனால் அது வரலாற்று விளக்கமாகாது. சாதியை உலகியல் வழக்கம் என்றும், வேண்டுதலை ஆன்மாவின் செயல் என்றும் பிரித்துக் காணும் நோக்கு அவர் ஒருவர்க்கு மட்டும் உரியதன்று. அவர் வளர்ந்த மிஷன் மரபே அதை ஏற்றிருந்தது. இறைவன் முன் எல்லையற்ற பணிவும் அயலான் முன் அளந்து வைத்த உயர்வும் ஒரே உள்ளத்தில் மோதலின்றி வாழ அப்பிரிவு இடமளித்தது. 1833இல் ஆயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை அறவே விடக் கோரிச் சுற்றுமடல் விடுத்தபோது, தஞ்சைச் சபையில் பலர் அதை ஏற்க மறுத்தனர். அவ்வாறு விலகியோரில் கணிசமானோர்க்கு லைப்சிக் லுத்தரன் மிஷன் பின்னர்ப் புகலிடமாயிற்று.

அம்மிஷனின் இயக்குநராக இருந்த கார்ல் கிரவுல், சாதியைக் குடிமை வேறுபாடாகக் கருதிப் பொறுத்துக்கொள்ளும் கொள்கையை உடையவர். அவரே 1856இல் திருக்குறளைச் செருமனில் வெளியிட்டவர். வளத்தில் பணிவும் வறுமையில் உயர்வும் வேண்டும் என்ற குறளைத் தம் கையால் பெயர்த்தவர், அதைத் தம் சபையின் இருக்கைகளோடு பொருத்திப் பார்த்தாரா என்று வினவாமல் இருக்க இயலவில்லை. லைப்சிக் மிஷனரியான கார்ல் ஓக்சு இக்கொள்கையை ஏற்காமல் பிரிந்து, தென்னார்க்காட்டு மேல்பட்டாம்பாக்கத்தில் டேனிய மிஷனின் பணியைத் தொடங்கினார்.

கத்தோலிக்கத் தரப்பிலும் நிலை வேறன்று. 1872இல் எழுந்த வடக்கன்குளம் திருக்குடும்பக் கோயில், வேளாளரும் நாடாரும் தனித்தனியே அமரும்படி சுவரால் பிரிக்கப்பட்ட இரு பகுதிகளோடு கட்டப்பட்டது. இரு பகுதியினரும் ஒரே பலிபீடத்தை நோக்கி முழந்தாளிட்டனர்; பாவ அறிக்கை வேண்டுதலில் இரு பகுதியினரும் மார்பில் தட்டிக்கொண்டனர். 1910இல் சுவர் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று, வேளாளர் தரப்பு தோற்றது.

கிருஷ்ணகிரிக்கு வந்த ஞானோபதேசம்

லைப்சிக் மிஷனைச் சார்ந்த தியோடர் நேத்தர், பிரான்சு மோன் ஆகியோர் திருமறையின் பிழையின்மை பற்றிய கோட்பாட்டுப் பூசலால் அதிலிருந்து விலக்கப்பட்டனர். அப்பூசல் சாதியைப் பற்றியதன்று. ஜப்பானில் பணி தொடங்க எண்ணியிருந்த அமெரிக்க மிசூரி லுத்தரன் சினாடு, இவ்விருவரையும் ஏற்று 1894இல் இந்தியாவுக்கு அனுப்பியது. 1895இல் நேத்தர் கிருஷ்ணகிரியில் பணியைத் தொடங்கினார். மோன் ஆம்பூரில் நிலைகொண்டார். இன்றைய இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தொடக்கம் இதுவே. நேத்தர் 1904இல் கொள்ளைநோய்க்கு இரையாகிக் கிருஷ்ணகிரியிலேயே இறந்தார். அம்மிஷனின் ஆம்பூர் வட்டாரச் சபைகளில் பெரும்பான்மையினர் தலித் மக்களாயினர்.

அவர்கள் மனனம் செய்த நூல் லுத்தரின் சிறிய ஞானோபதேசம் (1529). பரமண்டல வேண்டுதலுக்கு அது தரும் விளக்கத்தில் இரு கூறுகள் உள்ளன. பாவ மன்னிப்புக் கேட்கும் விண்ணப்பத்தில், நாம் கேட்கும் எதற்கும் தகுதியுடையோர் அல்லோம், எதையும் உழைத்துச் சம்பாதித்ததும் இல்லை என்று ஒப்புக்கொள்ளுமாறு அது கற்பிக்கிறது. அதே வேண்டுதலின் முகவுரையிலோ, அன்பான பிள்ளைகள் தம் தந்தையிடம் கேட்பதுபோல் அச்சமின்றித் துணிவோடு கேட்க வேண்டும் என்கிறது. தகுதியின்மையும் துணிவும் இங்கு எதிரெதிர் அல்ல. தகுதியைக் காட்டிப் பெற வேண்டிய தேவை இல்லாததால்தான் கேட்பவர்க்குத் துணிவு பிறக்கிறது. லுத்தர் 1546இல் இறப்பதற்கு இரு நாள் முன் எழுதிய குறிப்பில் மனிதர் யாவரையும் இரவலராகக் கூறியதும் இப்பொருளிலேயே.

பண்ணையார் வாசலில் குரல் தாழ்த்திக் கைகட்டி நிற்கப் பழக்கப்பட்ட ஒருவர்க்கு இவ்விரண்டாம் கூறே புதுமையானது. தகுதியில்லை என்பதை ஊரார் அவர்க்கு முன்பே கற்பித்திருந்தனர். ஆண்டையிடம் பேச இயலாத நேர்குரலில் இறைவனிடம் பேசலாம் என்பதையும், ஆண்டையும் அதே அறிக்கையைச் செய்தாக வேண்டும் என்பதையும் ஞானோபதேசம் புதிதாகச் சொன்னது. மறையுரையாளர் முதற் கூறை மட்டும் விரித்துரைத்த இடங்களில், வேண்டுதல் பண்ணை மொழியின் நீட்சியாகவே எஞ்சியிருக்கும். இரண்டையும் சேர்த்துக் கற்ற இடங்களில் முழந்தாளிடுதல் வேறு பொருள் பெற்றிருக்கும். எந்தச் சபையில் எது நிகழ்ந்தது என்பதை, குடும்பங்களில் இன்னும் நினைவிலிருக்கும் வேண்டுதல் வடிவங்களைத் தொகுத்தே தீர்மானிக்க முடியும்; அப்பணி கிருஷ்ணகிரி, ஆம்பூர் வட்டாரங்களில் தொடங்கப்பட வேண்டியது.

1980களிலிருந்து தலித் இறையியல் இவ்வினாவை வெளிப்படையாக எழுப்பியது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்ற பெயரில் நாட்டார் இசையிலும் சிற்றூர்ப் பேச்சு மொழியிலும் வழிபாட்டுப் பாடல்களை இயற்றினார். மதிப்பு வடிவங்கள் நிறைந்த செந்தமிழ் வேண்டுதலைவிட அவற்றில் பணிவு குறைவு என்று முறையிட்டோர்க்கு, மேலே கண்ட தெலுங்கு 'நீ'யும் பத்தி இலக்கிய 'நீ'யும் போதிய விடையாகும்.

ஆயக்காரன் என்ற சொல்லும் இன்று மறைந்து வருகிறது. பொது மொழிபெயர்ப்பு அவரை 'வரிதண்டுபவர்' ஆக்கியுள்ளது. சுங்கச் சாவடியின் கசப்பு அச்சொல்லில் இல்லை. ஆயினும் உவமையின் இருவர்க்கும் அது மதிப்புப் பன்மை தந்து, 'பரிசேயர்' எனவும் 'வரிதண்டுபவர்' எனவும் ஒரே விகுதியால் குறிக்கிறது.